உருகாது... ஆனால் தளரும்!

ஓசூர் சிப்காட் பக்கம் ஏதாவது ஒரு சின்ன ஃபேப்ரிகேஷன் பட்டறைக்குள் எட்டிப் பார்த்தால், ஒரு மூலையில் 'ஆர்கான் வெல்டிங்' நடந்துகொண்டிருக்கும். வெல்டர் பிடித்திருக்கும் டார்ச்சின் நுனியில், சீவிய பென்சில் போல ஒரு மெல்லிய கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நுனிக்கும் தகட்டுக்கும் நடுவே பளீரென்று மின்வில் பாயும். தகடு மெழுகாக உருகும். கம்பி அப்படியே நிற்கும். பட்டறையில் ஆர்கான் வெல்டிங் என்று சொல்லப்படுவதற்குப் புத்தகப் பெயர் 'டிக் வெல்டிங்'. அதில் இருக்கும் 'டி', டங்ஸ்டன்.

உலோகங்களிலேயே மிக அதிக வெப்பத்தில் உருகுவது டங்ஸ்டன்தான். இரும்பு 1,538 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். டங்ஸ்டன் உருக 3,422 டிகிரி வேண்டும். எடையோ ஏறத்தாழ தங்கத்தின் எடை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் அளவுக்கு டங்ஸ்டனை வார்த்தால் 19 கிலோவைத் தாண்டும்.

அதே தெருவில் அடுத்த ஷெட்டில் சிஎன்சி லேத் ஓடும். இரும்பைச் சீவுகிற அந்தக் குட்டி 'இன்சர்ட்' டங்ஸ்டனும் கார்பனும் சேர்ந்த கார்பைடு. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே குழாய்க்குள் எலக்ட்ரான்களின் அடியை வாங்குவதும் டங்ஸ்டன். நம் வீடுகளில் ஒரு காலத்தில் மஞ்சள் வெளிச்சம் தந்த குண்டு பல்பின் இழையும் அதுவே. இவ்வளவு நாள் கூடவே இருந்த இந்த உலோகத்தைத்தான், பூமியில் ஒரு குட்டிச் சூரியனை எரியவைக்கப் பாடுபடுகிறவர்கள் இப்போது நம்பியிருக்கிறார்கள்.

குட்டிச் சூரியன் என்றால் அணுக்கரு இணைவு உலை. கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் நடப்பது அணுக்கருப் பிளவு. பெரிய அணுவை உடைத்து அதில் வரும் வெப்பத்தில் மின்சாரம் எடுப்பது. இணைவு இதற்கு நேர்மாறு. ஹைட்ரஜனின் இரண்டு வகை அணுக்களை ஒன்றாகச் சேர்த்து, சூரியன் செய்கிற வேலையைச் செய்வது. அதற்கு 15 கோடி டிகிரி வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தில் இருக்கும் பிளாஸ்மாவை எந்தப் பாத்திரத்திலும் வைக்க முடியாது. அதனால் காந்தப் புலத்தால் சுவரைத் தொடாமல் மிதக்கவிடுகிறார்கள். ஆனாலும் சாம்பலை வெளியே தள்ள ஓர் இடம் வேண்டுமே? அடுப்பில் சாம்பல் விழும் இடம் மாதிரி, உலையின் அடியில் 'டைவர்ட்டர்' என்று ஒரு பகுதி உண்டு. வெப்பம் குவிந்து பாய்வது அங்கேதான்.

எவ்வளவு வெப்பம்? பிரான்ஸில் ஏழு தரப்புகள் சேர்ந்து கட்டும் ஈட்டர் உலையில், டைவர்ட்டரின் ஒவ்வொரு சதுர மீட்டரும் தொடர்ந்து 10 மெகாவாட் தாங்க வேண்டும். சில நேரம் 20 மெகாவாட். இப்படிச் சொன்னால் புரியாது. வீட்டில் இருக்கும் 1,000 வாட் அயர்ன் பாக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடித்தட்டு முழுக்கப் பரவியிருக்கும் வெப்பத்தை எல்லாம் திரட்டி, உங்கள் கட்டைவிரல் நகம் அளவு இடத்தில் வைத்து அழுத்தினால் அதுதான் 10 மெகாவாட். 20 மெகாவாட் என்றால் அதே நகத்தின் மேல் ஓர் இண்டக்‌ஷன் அடுப்பின் முழு வேகம். பின்பக்கம் குழாயில் வேகமாகத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தாலும், முன்பக்கம் ஆயிரம் டிகிரியைத் தாண்டிப் போகும்.

3,422 டிகிரி வரை உருகாத உலோகத்துக்கு ஆயிரம் எல்லாம் ஒரு பொருட்டா என்று தோன்றும். பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையனும் இதைத்தான் கேட்பான். "அண்ணா, டங்ஸ்டன்தான் உருகாதே... அப்புறம் எதுக்குப் பெரிய டார்ச்சுல தண்ணி டியூப் விட்டிருக்காங்க?" கேள்வி நியாயமானது. உருகாமல் இருப்பது வேறு, தளராமல் இருப்பது வேறு என்பதுதான் பதில்.

மொட்டை மாடியில் கட்டிய நைலான் கொடியை நினைத்துப் பாருங்கள். கட்டிய அன்று விறைப்பாக நிற்கும். ஈரத்துணி போடப் போட, ஒரு மாதத்தில் நடுவே தொய்ந்து, வேட்டி தரையைத் தொடும். கயிறு அறவில்லை, உருகவும் இல்லை. ஒரே எடையை நாள் கணக்கில் தாங்கியதில் மெல்ல மெல்ல நீண்டுவிட்டது. உலோகமும் சூடாக இருக்கும்போது இப்படித்தான் நீளும். பொறியாளர்கள் இதை 'க்ரீப்' என்கிறார்கள், அதாவது ஊர்ந்து போவது. 'எறும்பு ஊரக் கல்லும் தேயும்' என்று சொன்ன ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

எந்தச் சூட்டில் ஊர ஆரம்பிக்கும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. மைனஸ் 273 டிகிரியிலிருந்து எண்ண ஆரம்பித்தால், உருகும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு வந்ததும் கவனிக்கத் தொடங்க வேண்டும். பாதியை நெருங்கினால் கவலைப்பட வேண்டும். ஈயத்துக்கு அந்தப் பாதி நம் வீட்டு அறை வெப்பத்திலேயே வந்துவிடுகிறது. ஐரோப்பாவின் பழைய தேவாலயக் கூரைகளில் போட்ட ஈயத் தகடுகள் நூற்றாண்டுக் கணக்கில் தம் எடையாலேயே கீழே வழிந்திருப்பது அதனால்தான். டங்ஸ்டனுக்கு மூன்றில் ஒரு பங்கு என்பது சுமார் 960 டிகிரி. பாதி என்பது சுமார் 1,575. டைவர்ட்டர் வேலை பார்க்கிற இடமே அதுதான்!

ஓசூர் சிஎன்சி ஆபரேட்டர்களுக்கு இது கண்ணால் பார்த்த விஷயம். வேகத்தை அளவுக்கு மீறிக் கூட்டினால், இன்சர்ட் உடையாது. அதன் வெட்டுமுனை சூட்டில் அமுங்கிப்போகும். கார்பைடு துகள்களை ஒட்டிப் பிடித்திருக்கும் கோபால்ட் இளகிவிடுவதுதான் காரணம். அப்புறம் ஜாப்பில் அளவு நிற்காது. அரை நாள் ஓடிய பாகங்கள் எல்லாம் ரிஜெக்ட். உயர்வெப்ப உருமாற்றம் என்று ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பெரிய பெயராகத் தெரிவது, இங்கே ஷிஃப்ட் முடிவில் திட்டு வாங்கித் தரும் சமாசாரம்.

சூட்டில் உலோகம் வளைந்துகொடுப்பதை மனிதன் எப்போதும் எதிரியாகப் பார்த்ததில்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் நடந்த அகழாய்வில், இரும்புப் பொருட்கள் கிடைத்த மண்ணடுக்கின் காலம் கி.மு. 2172 என்று தெரியவந்தது. 2022 மே மாதம் சட்டமன்றத்திலேயே முதல்வர் இதை அறிவித்தார். கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 4,200 ஆண்டுகள். பழங்கால ஊதுலைகளில் பொதுவாக இரும்பு உருகி ஓடாது. அவ்வளவு சூடு வராது. பஞ்சு மாதிரி ஒரு கட்டி வெளியே வரும். அதைப் பழுக்கக் காய்ச்சி, அடித்து அடித்துக் கசடை வெளியேற்றி, இழுத்து, மடித்துத்தான் கத்தியோ கலப்பைக் கொழுவோ செய்ய முடியும். சம்மட்டி அடிதான் அந்த இரும்புக்கு உயிர்.

டங்ஸ்டனின் கதையும் அப்படியே. 1900-களின் தொடக்கத்தில் பல்பு கம்பெனிகள் டங்ஸ்டனில் இழை செய்ய முயன்றபோது அது கண்ணாடி மாதிரி படக்கென்று உடைந்தது. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் வில்லியம் கூலிட்ஜ் 1910 வாக்கில் வழி கண்டுபிடித்தார். டங்ஸ்டன் பொடியை அழுத்திக் கட்டியாக்கி, சுடவைத்து, சூட்டிலேயே அடித்து அடித்து மெலிதாக்கி, கம்பியாக இழுத்தார். உருக்கவே இல்லை. அடி பட்ட டங்ஸ்டன் வளைந்தது, சுருண்டது. மயிலாடும்பாறைக் கொல்லர் பார்த்திருந்தால், 'இதைத்தானே நாங்களும் செய்தோம்' என்றிருப்பார்.

அதோடு முடியவில்லை. பல்பு எரியும்போது இழை சுமார் 2,400 டிகிரிக்குப் போகிறது. அடித்து உருவாக்கிய அமைப்பு அந்தச் சூட்டில் கலைந்து, உள்ளே பெரிய பெரிய படிகங்களாக மாறியது. மூங்கில் கணு மாதிரி இழைக்குக் குறுக்கே எல்லைகள் விழுந்தன. அந்தக் கணுக்களில் ஒரு துண்டு மேல் இன்னொரு துண்டு வழுக்க, இழை தொய்ந்தது, அறுந்தது. அதே நிறுவனத்தின் அலடார் பாட்ஸ் நூற்றுக்கணக்கான முறை சேர்மானத்தை மாற்றி மாற்றிப் பார்த்தார். 218-வது சோதனை பலித்தது. அந்தக் கம்பிக்குப் பெயரே '218' ஆகிவிட்டது. பொட்டாசியம் கலந்த உப்பைச் சேர்த்தால் இழை தொய்யவில்லை. ஏன் என்று அவருக்கே தெரியாது. பல பத்தாண்டுகள் கழித்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. கண்ணுக்குத் தெரியாத பொட்டாசியக் குமிழ்கள் வரிசையாக நின்று, படிகங்களைக் குறுக்கே வளரவிடாமல் நீளவாக்கில், ஒன்றோடொன்று கோத்தபடி வளரவைத்திருந்தன. உலகத்தின் மாலை நேரங்களுக்கு எல்லாம் வெளிச்சம் தந்தவை அந்தக் குமிழ்கள்தான். பாட்ஸின் பெயர் பலருக்கும் தெரியாது.

இப்போது 3டி பிரின்டிங்குக்கு வருவோம். பொடியைப் பரப்பி, லேசர் கதிரால் தேவையான இடத்தில் மட்டும் உருக்கி, ஒரு அடுக்கு முடிந்ததும் அடுத்த அடுக்கு என்று பொருளை வளர்ப்பது. 2024 மே 9 அன்று மகேந்திரகிரியில் இஸ்ரோ சோதித்த பி.எஸ்.4 எஞ்சின் இப்படி உருவானது. அதில் 14 பாகங்கள் ஒன்றாகின, 19 வெல்டிங் இணைப்புகள் காணாமல்போயின. 665 நொடிகள் எரிந்தது. அச்சிட்டுக் கொடுத்தது பெங்களூரின் விப்ரோ 3டி. அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டினால் ஓசூர்க்காரர்களுக்குப் பக்கத்து ஊர்தான். அதே மாதம் 30-ம் தேதி, சென்னை ஐ.ஐ.டி-யில் முளைத்த அக்னிகுல் நிறுவனம் ஒரே துண்டாக அச்சிட்ட எஞ்சினை வைத்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் விட்டது.

டங்ஸ்டனிலும் இப்படிச் செய்ய முடிந்தால் இணைவு உலைக்கு எவ்வளவு வசதி! கடைசல் பிடிக்கவே முரண்டு பிடிக்கிற உலோகம் அது. உள்ளே வளைந்து வளைந்து தண்ணீர்க் குழாய் போகிற மாதிரி ஒரு கட்டியை வேறு எந்த வழியில் செய்வது? சி.டி. ஸ்கேன் இயந்திரங்களில் சிதறும் கதிர்களைத் தடுக்கும் மெல்லிய டங்ஸ்டன் சட்டங்களை ஏற்கெனவே அச்சிட்டு விற்கிறார்கள். ஆனால், அந்தச் சட்டம் கதிரை மறித்தால் போதும். பாரம் சுமக்க வேண்டியதில்லை, காயவும் வேண்டியதில்லை.

சுமக்கிற வேலை என்று வந்தால் டங்ஸ்டன் வேறு முகம் காட்டுகிறது. கடலை மிட்டாய்ப் பாகு சூடாக இருக்கும்போது இழுத்த இழுப்புக்கு வரும். ஆறினால் படக்கென்று உடையும். டங்ஸ்டனுக்கும் அப்படி ஒரு பதம் உண்டு. எப்படித் தயாரித்தது என்பதைப் பொறுத்து, சுமார் 200 முதல் 400 டிகிரிக்குக் கீழே அது உடையும் சாதி. லேசர் பட்டு உருகிய புள்ளி கண்ணிமைக்கும் நேரத்தில் ஆறும்போது சுருங்கப் பார்க்கிறது. பக்கத்தில் இருப்பது விடுவதில்லை. இந்த இழுபறி நடக்கும்போதே சூடு அந்தப் பதத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது. விளைவு, நூலிழை விரிசல்கள். போதாக்குறைக்கு, பொடியில் ஒட்டியிருக்கும் ஆக்சிஜன் படிக எல்லைகளில் போய்த் தங்கி அவற்றை இன்னும் பலவீனமாக்குகிறது. இதற்கு ஒரு வழி, லேசருக்குப் பதில் எலக்ட்ரான் கற்றையை வைத்து, வெற்றிடத்தில், பொடிப் படுக்கை முழுவதையும் ஆயிரம் டிகிரிக்குமேல் சூடாகவே வைத்துக்கொண்டு அச்சிடுவது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் போன்ற இடங்களில் இந்த முறையில் விரிசல் இல்லாத டங்ஸ்டன் பாகங்கள் வந்திருக்கின்றன.

விரிசல் போனாலும் கேள்வி போகவில்லை. அச்சிட்ட டங்ஸ்டன், சம்மட்டி அடி படாத டங்ஸ்டன். கீழிருந்து மேலாக அடுக்கு ஏறியதால், உள்ளே படிகங்கள் தென்னந்தோப்பு மாதிரி நெட்டுக்குத்தாக வளர்ந்திருக்கும். விறகு பிளந்தவர்களுக்குத் தெரியும். நார் ஓடும் திசையில் கோடாரி வைத்தால் ஒரே போடு, குறுக்கே வைத்தால் கை வலிக்கும். அச்சிட்ட கட்டியிலும் இழுக்கும் திசையைப் பொறுத்து வலு மாறும். படிகங்களின் நீளவாக்கில் இழுத்தால் நன்றாகத் தாங்கலாம். ஜெட் எஞ்சின் பிளேடுகளை எல்லையே இல்லாத ஒற்றைப் படிகமாக வார்ப்பது இந்தக் காரணத்துக்காகத்தான். குறுக்கே இழுத்தாலோ, ஆயிரத்துச் சொச்சம் டிகிரியில் எல்லைகள் வழுக்கிப் பிரியலாம். பல்பு இழையின் மூங்கில் கணுப் பிரச்னை நூறு வருஷம் கழித்துப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது. இணைவு உலையிலோ இதோடு நியூட்ரான் மழை வேறு. அது டங்ஸ்டனை மேலும் இறுக்கி, உடையவைக்கும். அணுக்களில் கொஞ்சத்தை ரீனியமாகவே மாற்றிவிடும்.

இதை எல்லாம் காகிதத்தில் கணக்குப் போட்டு முடிவு செய்ய முடியாது. அச்சிட்ட கட்டியிலிருந்து நெடுக்காகவும் குறுக்காகவும் கம்பிகள் வெட்டி, உலைக்குள் எடையைத் தொங்கவிட்டு, மயிரிழை மயிரிழையாக நீள்வதை அளக்க வேண்டும். டங்ஸ்டன் என்றால் வெற்றிடத்தில் அளக்க வேண்டும். சூட்டில் காற்றுப் பட்டால் ஆக்சைடாகிவிடும். ஆர்கான் வாயுவைச் சீக்கிரம் நிறுத்தினால் டார்ச் நுனி நிறம் மாறிக் கெட்டுப்போவதை வெல்டர்கள் தினம் பார்க்கிறார்களே, அதேதான். பத்தாயிரம் மணி நேரச் சோதனை என்றால் ஒரு வருஷமும் ஐம்பது நாளும். பிரின்டர் வாங்கினால் ரிப்பன் வெட்டலாம், படம் எடுக்கலாம். ஒரு கம்பி வருஷக்கணக்கில் நீள்வதற்கு யார் வந்து ரிப்பன் வெட்டுவார்கள்? நம் ஊரில் அச்சிடுகிற இயந்திரங்களுக்குக் கிடைக்கிற கைதட்டலில் கால்வாசிகூட இந்த உலைகளுக்குக் கிடைப்பதில்லை. அங்கேதான் கோட்டைவிடுகிறோம்.

அப்படிப் பொறுமையாக எடையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும் இடம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம். வேக ஈனுலைக்கான எஃகுகளின் க்ரீப்பை அளந்து பழகிய அந்த மையமும், காந்திநகர் அருகே உள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனமும், ஹைதராபாத்தின் மிதானி உலோக ஆலையும் சேர்ந்து இணைவு உலைக்கென்றே ஓர் இந்திய எஃகை உருவாக்கின. வழக்கமான உயர்வெப்ப எஃகில் மாலிப்டினம், நையோபியம் எல்லாம் இருக்கும். நியூட்ரான் பட்டால் அவை நெடுங்காலம் கதிரியக்கத்தோடு கிடக்கும். அதனால் அவற்றை எடுத்துவிட்டு டங்ஸ்டனும் டான்டலமும் சேர்த்தார்கள். டங்ஸ்டனை 1 சதவிகிதத்திலிருந்து 2 வரை மாற்றிப் பார்த்தார்கள். கூடக்கூட க்ரீப்பைத் தாங்கியது. ஆனால், கூடக்கூட அடி தாங்கும் குணம் குறைந்தது. கடைசியில் 1.4 சதவிகித டங்ஸ்டன், 0.06 சதவிகித டான்டலம் என்று பதம் பிடித்தார்கள். சாம்பாருக்கு உப்புப் போடுகிற கணக்குதான். ருசி பார்க்க மட்டும் ஆயிரக்கணக்கான மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

2005-ல் ஈட்டரில் சேர்ந்த இந்தியா, அந்த உலையைச் சுற்றி நிற்கும் 3,850 டன் கிரையோஸ்டாட்டைக் குஜராத்தின் ஹசீராவில் எல் அண்டு டி மூலம் செய்து அனுப்பியது. ஈட்டரின் உள்சுவருக்கு முதலில் பெரிலியம் என்றிருந்ததை 2023-ல் டங்ஸ்டனாக மாற்றத் திட்டமிட்டார்கள். பிரான்ஸின் 'வெஸ்ட்' உலை 2025 பிப்ரவரி 12 அன்று பிளாஸ்மாவை 1,337 நொடிகள், அதாவது 22 நிமிஷம், அணையாமல் வைத்திருந்தது. அதன் உட்புறமும் டங்ஸ்டன்தான். 22 நிமிஷம் என்பது பெரிய சாதனை. ஆனால், மின்நிலையம் என்றால் மாதக்கணக்கில் எரிய வேண்டும். நொடிக்கணக்கில் காட்டாத தளர்ச்சியை உலோகம் மாதக்கணக்கில் காட்டும்.

ஓசூருக்கு இதில் என்ன இருக்கிறது? இந்த ஊர் பிழைப்பது லாரியிலும் மொபெட்டிலும் கைக்கடிகாரத்திலும். ஆனால், அவற்றுக்குப் பின்னால் அச்சு செய்கிற, டூல் தீட்டுகிற நூற்றுக்கணக்கான சின்ன யூனிட்டுகள் இருக்கின்றன. கார்பைடைத் தீட்ட வைரச் சக்கரம் செய்யும் வென்ட் நிறுவனமே இங்கேதான் இருக்கிறது. அச்சிட்ட டங்ஸ்டன் கட்டி இயந்திரத்திலிருந்து அப்படியே உலைக்குப் போகாது. யாராவது வைரச் சக்கரத்தில் தீட்டி, மைக்ரான் சுத்தமாக அளவுக்குக் கொண்டுவர வேண்டும். சோதனைக் கம்பியை விரிசல் விடாமல் வெட்டித் தர வேண்டும். அந்தக் கைகள் இந்த ஊரில் இருக்கின்றன. மின்சார வண்டி வந்தால் எஞ்சின் பாகம் செய்கிறவன் என்ன செய்வான் என்று டீக்கடையில் பேசிக்கொள்ளும் காலத்தில், இந்த மாதிரி வேலைக்கு இப்போதே பழக்குவது நல்லது.

பழக்குவதற்கு உலோகம் வேண்டுமே! உலகில் தோண்டி எடுக்கிற டங்ஸ்டனில் ஐந்தில் நான்கு பங்கு சீனாவுடையது. 2025 பிப்ரவரி 4 அன்று அதன் ஏற்றுமதிக்கு அனுமதி வாங்க வேண்டும் என்று சீனா கட்டுப்பாடு போட்டது. இந்தியாவில் ராஜஸ்தானின் டெகானாவில் ஒரு காலத்தில் இருந்த சுரங்கமும் மூடிவிட்டது. தமிழ்நாட்டில் டங்ஸ்டன் என்றதும் நினைவுக்கு வருவது வெல்டிங்கும் இல்லை, பல்பும் இல்லை. மதுரை மேலூர் பக்கத்து அரிட்டாபட்டிதான். பல்லுயிர் மரபுத் தலமாக 2022-ல் அறிவித்த ஊர். சமணப் படுக்கைகளும் தமிழி எழுத்துகளும் இருக்கும் குன்றுகள். 2024 நவம்பரில் அந்தப் பகுதியின் சுரங்க ஏலம் தெரியவந்ததும் கிராமங்கள் திரண்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. குன்றைக் காப்பாற்றியது சரி. காப்பாற்றியவர்கள் யாரும் டங்ஸ்டன் வேண்டாம் என்று சொல்லவில்லை. தங்கள் மலையைத் தோண்ட வேண்டாம் என்றுதான் சொன்னார்கள்.

தோண்டாமல் டங்ஸ்டன் கிடைக்கிற இடம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு சிஎன்சி ஷெட்டிலும் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பெயின்ட் டப்பா வைத்திருப்பார்கள். முனை அமுங்கிய, மழுங்கிய இன்சர்ட்டுகள் எல்லாம் அதில் விழும். டப்பா நிறைந்ததும் கார்பைடு ஸ்கிராப் வாங்குகிறவர் வந்து எடை போட்டுக் காசு கொடுத்துவிட்டுப் போவார். சாதா இரும்பு ஸ்கிராப்போடு அதைக் கலந்து போட்டுவிடாதே என்று புதுப் பையன்களுக்கு முதல் வாரமே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள்.